"கஞ்சா இல்ல சார், படிக்கிற மாத்திரதான்"

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் ஒரு காபியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

சென்ற மாதம் ஒரு சாயங்காலம், பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்த பெண் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார். கம்பத்துக்குப் பக்கத்து ஊர், திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். மகன் வெளியூரில் விடுதியில் தங்கி நீட் தேர்வுக்கு இரண்டாவது முறையாகப் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவனின் பையைத் துவைக்க எடுத்தபோது உள்ளே ஒரு மாத்திரை அட்டை. பத்தில் ஆறு காலி. கேட்டதற்கு, "தூக்கம் வராம படிக்கிறதுக்கும்மா. எல்லாரும்தான் போடுறாங்க" என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கிறான்.

அந்த அம்மா என்னிடம் சொன்னது இது: "பைக்குள்ள கைய விட்டதும் ஏதோ பொட்டலம்னு நெனச்சு உசுரே போயிருச்சு சார். நல்லவேள, கஞ்சா இல்ல. படிக்கிற மாத்திரதான்."

அந்த 'நல்லவேள'தான் இரண்டு வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை. (மாத்திரை எதுவும் போடாமலே!)

அவர் பயந்ததில் தப்பில்லை. நம் பள்ளத்தாக்குக்கு அப்படி ஒரு பெயர் இருக்கிறது. வருசநாடு, மேகமலைப் பக்கம் காட்டுக்குள் கஞ்சா பயிரிட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று வருகிற சரக்கு பெரும்பாலும் ஆந்திரா பக்கமிருந்து வருகிறது என்று போலீசே சொல்கிறது. ஆனாலும் பெயர் நம்மை விடவில்லை. நம் பிள்ளைகள் வெளியூர் விடுதியில் போய் "ஊர் கம்பம்" என்றால் இன்றும் ஒரு சிரிப்பு எழும். அதனால் இங்கே ஒவ்வொரு தாயும் பொட்டலத்துக்குப் பயந்தே பிள்ளை வளர்க்கிறார். கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் வண்டியை நிறுத்திப் பையைக் கிளறுவதும் அதற்குத்தான். அச்சடித்த அட்டையில், கம்பெனி பெயரோடு, காலாவதித் தேதியோடு வருகிற ஒன்றைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

கண்ணாடியைப் போட்டு அட்டையைப் படித்தேன். மோடஃபினில். பகலில் கட்டுப்படுத்த முடியாமல் தூங்கி விழுகிற நார்கோலெப்சி என்ற நோய்க்குக் கொடுக்கிற மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. பையனுக்குச் சீட்டும் கிடையாது, நோயும் கிடையாது.

இந்தப் 'படிக்கிற மாத்திரை' எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப் படித்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை.

கதை ஜப்பானில் தொடங்குகிறது. சீனர்கள் மாஹுவாங் என்று சொல்லும் செடியிலிருந்து 1885இல் நாகாய் நாகயோஷி எஃபெட்ரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். இரண்டே ஆண்டில், 1887இல், பெர்லினில் லாசர் எடெலியானு என்ற ருமேனிய வேதியியலாளர் ஆம்ஃபெட்டமினைச் செய்தார். செய்தவருக்கே அது எதற்குப் பயன்படும் என்று தெரியாது. நாற்பது ஆண்டுகள் அது அலமாரியில் கிடந்தது. 1920களின் இறுதியில் கார்டன் ஆலஸ் என்ற அமெரிக்கர் அதைத் திரும்பச் செய்து, தன் உடம்பிலேயே ஊசி போட்டுப் பார்த்தார். 1930களில் மூக்கடைப்புக்கு உறிஞ்சுகிற மருந்தாக பென்செட்ரின் என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஆம், மூக்கடைப்புக்கு!

1936-37இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையினர் இதை மாணவர்களுக்குக் கொடுத்துச் சோதனை செய்தார்கள். தூக்கம் போகிறது என்ற செய்தி விடுதிகளில் பரவியது. தேர்வு நெருங்கியதும் மாணவர்கள் மருந்துக்கடைக்கு ஓடினார்கள். சிலர் மயங்கி விழுந்தார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் 1937இலேயே எச்சரித்துவிட்டது. அந்தப் பையன் "எல்லாரும்தான் போடுறாங்க" என்று சொன்னதற்கு ஏறக்குறைய தொண்ணூறு வருட வயது.

அதே 1937இல் இன்னொன்றும் நடந்தது. இதைச் சொல்லாவிட்டால் பாதிக் கதை சொன்னவனாவேன். ரோட் ஐலண்டில் நடத்தைச் சிக்கல் உள்ள குழந்தைகளுக்கான இல்லத்தில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் இருந்தார். அந்தக் காலத்தில் மூளையைப் படமெடுக்க, முதுகுத்தண்டு வழியாகத் திரவத்தை வடித்துக் காற்றைச் செலுத்துவார்கள். பிள்ளைகளுக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும். அதற்கு ஆகுமா என்று பென்செட்ரின் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகப் போகவில்லை. ஆனால் ஒரு இடத்தில் உட்காராத பிள்ளைகள் உட்கார்ந்தார்கள்! 30 பேருக்குக் கொடுத்ததில் 14 பேரின் படிப்பில் பெரிய மாற்றம். கணக்கு வருகிறது என்பதால் அந்தப் பிள்ளைகளே அதற்கு வைத்த பெயர் 'கணக்கு மாத்திரை'.

முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். இந்தப் பெயரைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எட்டாம் வகுப்பில் ஒரு பையன் நினைவுக்கு வந்தான். பெஞ்சில் ஐந்து நிமிடம் இருக்க மாட்டான். ஜன்னலில் காக்கா உட்கார்ந்தால் எழுந்துவிடுவான். கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்வான், பாதி சரியாகவும் இருக்கும். அவனை நான் அடித்திருக்கிறேன், ஒருமுறை இருமுறை அல்ல. ஒன்பதாம் வகுப்போடு நின்று ஏலக்காய் எஸ்டேட் ஜீப்பில் ஏறிப் போய்விட்டான். அவனுக்கு இருந்தது இன்று ஏ.டி.ஹெச்.டி. என்று சொல்கிற குறைபாடாக இருந்திருக்கலாம். அந்த வார்த்தையை நான் கேள்விப்பட்டதே ஓய்வு பெறப்போகிற சமயத்தில்தான். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மருத்துவர் பார்த்து, அளவு பார்த்துக் கொடுக்கிற மருந்து பெரிய வரம். அதை யாரும் இந்தப் பதிவைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நான் பேசுவது நோயில்லாதவன் போடுகிற மாத்திரையைப் பற்றி.

பிறகு போர் வந்தது. ஜெர்மனியில் 1938இல் பெர்விட்டின் என்ற பெயரில் மெத்தாம்ஃபெட்டமின் மாத்திரை விற்பனைக்கு வந்தது. இராணுவ மருத்துவ அகாடமியில் ஓட்டோ ராங்கே என்பவர் இளம் மருத்துவ மாணவர்களை இரவு முழுக்க விழிக்கவைத்துக் கணக்குப் போடச் சொன்னார். மாத்திரை போட்டவர்கள் விடியும்வரை உற்சாகமாக இருந்தார்கள். நிறையக் கணக்குப் போட்டார்கள். தப்பும் நிறையப் போட்டார்கள். சிப்பாய்க்குக் கணக்கு எதற்கு, விழித்திருந்தால் போதும் என்று இராணுவம் முடிவு செய்தது. 1940இல் பிரான்ஸ் மீது படையெடுத்த அந்த ஒரு சில மாதங்களில் மட்டும் 3.5 கோடி மாத்திரைகள் முன்னணிக்குப் போயின.

ஜப்பானில் அதே பொருளின் பெயர் ஃபிலோபான். கிரேக்க மொழியில் 'உழைப்பை நேசிப்பது' என்று பொருள் வருகிற சொல்லிலிருந்து எடுத்த பெயர். விமானிக்கும் ஆயுதத் தொழிற்சாலைக்காரருக்கும் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் மிச்ச சரக்கு சந்தைக்கு வந்தது. பகலில் வேலை, இரவில் படிப்பு என்று இருந்த மாணவர்கள், எழுத்தாளர்கள், இரவு வேலைக்காரர்கள் எல்லோரும் போட்டார்கள். சில ஆண்டுகளில் நாடே தள்ளாடி, 1951இல் தனிச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கஞ்சாவை யாரும் 'உழைப்பை நேசிப்பது' என்று பெயர் வைத்து விற்றதில்லை. கஞ்சா அடித்தவன் வேலைக்குப் போக மாட்டான், சொன்ன பேச்சைக் கேட்க மாட்டான். ஆகவே அது போதை. இந்த மாத்திரையைப் போட்டவன் உட்கார்ந்த இடத்தை விட்டு எழ மாட்டான், தளபதி சொன்னதை, முதலாளி சொன்னதை, வாத்தியார் சொன்னதைச் செய்துகொண்டே இருப்பான். ஆகவே அது மருந்து. எது போதை என்பதை நாம் உடம்பை வைத்து முடிவு செய்யவில்லை, பெரியவர்களுக்கு வசதியானதா இல்லையா என்பதை வைத்துத்தான் முடிவு செய்துவந்திருக்கிறோம். என் வீட்டுத் திண்ணையில் வந்து விழுந்த 'நல்லவேள'யும் அதே கணக்குத்தான்.

மீதிக் கதையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியில் லியாண்ட்ரோ பனிசோன் மெத்தில்ஃபெனிடேட் செய்தார். மனைவி மார்கரீட்டுக்குக் கொடுத்துப் பார்த்தார், அவர் டென்னிஸ் நன்றாக ஆடினாராம். அவரது செல்லப்பெயர் ரீட்டா, அதிலிருந்து ரிட்டாலின். 1971இல் ஐ.நா. உடன்படிக்கை ஆம்ஃபெட்டமினையும் இதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. இந்தியாவில் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம்தான் கஞ்சாவுக்கும் சட்டம். அதே சட்டத்தின் மனமயக்கப் பொருட்கள் பட்டியலில் ஆம்ஃபெட்டமினும் மெத்தில்ஃபெனிடேட்டும் இருக்கின்றன. கஞ்சாவும் படிக்கிற மாத்திரையும் ஒரே சட்டத்துக்குள்! மோடஃபினில் இவற்றுக்குப் பின்னால் பிரான்சிலிருந்து வந்தது. தூக்க ஆராய்ச்சியாளர் மிஷெல் ஜூவே அதை நார்கோலெப்சி நோயாளிகளிடம் பயன்படுத்திக் காட்டினார். அமெரிக்கா 1998இல் அனுமதித்தது. ஆம்ஃபெட்டமின் அளவுக்கு அடிமைப்படுத்தாது என்பது உண்மை. அதனால்தான் சுலபமாகக் கைக்கு வருகிறது. படபடப்பு, தலைவலி, பசியின்மை, பதற்றம் எல்லாம் இதிலும் உண்டு. அரிதாகத் தோலெல்லாம் கொப்பளித்து உயிருக்கே ஆபத்தாகிற ஒவ்வாமையும் உண்டு.

மெடிக்கல் வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டேன். "பிப்ரவரி, மார்ச் வந்தா கேப்பாங்க சார். பையன்க கேக்குறதவிட அப்பா அம்மா கேக்குறதுதான் அதிகம்" என்றார். அவர் சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை. "நான் குடுக்கலைன்னா போன்ல ஆர்டர் போட்டுருவாங்க" என்றும் சொன்னார்.

மறுநாள் பையனையே வரச்சொன்னேன். வந்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம், பெரியவர்களுக்கு இருப்பதுபோல. பேச்சு மட்டும் தெளிவு. என்னை மடக்கிவிட்டான்: "சார், நீங்க மேத்ஸ் வாத்தியார்தான? பால் ஏர்டிஷ் தெரியுமா? அவரே மாத்திர போட்டுத்தான் கண்டுபிடிச்சாராம். யூடியூப்ல பாத்தேன்."

தெரியாமல் என்ன. ஹங்கேரிக் கணித மேதை. 1975இல் சென்னைக்குக்கூட வந்திருக்கிறார், கல்லூரி மாணவராக இருந்த கிருஷ்ணசுவாமி அல்லாடியைச் சந்திப்பதற்காகவே. தாயார் இறந்த பிறகு, வயது ஐம்பதுகளின் இறுதியில், ஆம்ஃபெட்டமின் பழக்கம் வந்தது. நண்பர் ரான் கிரஹாம் 500 டாலர் பந்தயம் கட்டினார், ஒரு மாதம் நிறுத்த முடியுமா என்று. நிறுத்திக் காட்டினார், பந்தயத்தை ஜெயித்தார், அந்த மாதம் கணிதமே நின்றுபோயிற்று என்று குறைப்பட்டுக்கொண்டு மறுபடி தொடங்கினார். யூடியூப்காரர் இதுவரை சொல்வார். ஒன்றைவிடப் பெரிய எந்த முழு எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையில் ஒரு பகா எண் உண்டு என்பதற்கு ஏர்டிஷ் அழகான நிரூபணம் கொடுத்தபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை என்பதைச் சொல்ல மாட்டார். உலகம் அவரை மேதை என்று ஏற்று நாற்பது வருடம் ஆன பிறகு வந்தது மாத்திரை.

பையன் சிரித்தான். ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்து மெல்போர்ன் சோதனையைச் சொன்னேன். 2023இல் வெளியானது. நோயில்லாத 40 பேருக்கு மெத்தில்ஃபெனிடேட், டெக்ஸாம்ஃபெட்டமின், மோடஃபினில், வெறும் மாத்திரை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து ஒரு புதிர் போடச் சொன்னார்கள். நம் ஊர்ப்படி சொன்னால், ஜீப்பில் இவ்வளவு எடைதான் ஏற்றலாம், ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு எடை ஒரு விலை, எதை எதை ஏற்றினால் அதிகப் பணம் வரும் என்கிற கணக்கு. மருந்து போட்டவர்கள் அதிக நேரம் உழைத்தார்கள், மூட்டைகளை ஏற்றி இறக்கிப் படாத பாடு பட்டார்கள். ஏற்றிய சரக்கின் மதிப்போ குறைவு. வெறும் மாத்திரையில் சராசரிக்கு மேலே இருந்தவர்கள் பலர், மருந்து போட்டதும் சராசரிக்குக் கீழே இறங்கினார்கள். ராங்கே பார்த்தது மறுபடியும்! "நீட்ல தப்பான விடைக்கு ஒரு மார்க் கழிப்பாங்கல்ல?" என்று கேட்டேன். அப்போதுதான் முதல்முறையாகத் தலையைக் குனிந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே பேசினான். "அம்மா நகைய அடகு வச்சுத்தான் சார் பீஸ் கட்டிருக்கு. படுத்தா அந்த நகதான் கண்ணுக்குள்ள வருது. எப்படி சார் தூங்குறது?"

இதற்கு மினசோட்டாவிலும் பதில் இல்லை, மெல்போர்னிலும் இல்லை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 1990களில் எங்கள் பள்ளியில் பொதுத்தேர்வுக்கு முன் 'இரவுப் படிப்பு' நடத்தினோம். பிளஸ் டூ மதிப்பெண், அதற்குமேல் 1984இல் வந்த நுழைவுத்தேர்வு, இரண்டும் சேர்ந்து கழுத்தை நெரித்த காலம். (நுழைவுத்தேர்வை 2006இல் சட்டம் போட்டு எடுத்தார்கள். பத்து வருடம் மூச்சு விட்டோம். 2017இல் நீட் வந்தது.) இரவு பதினொன்று, பன்னிரண்டு வரை பிள்ளைகளை உட்காரவைப்போம். வரக்காப்பி கொடுப்போம். தூங்கி விழுந்தால் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு வரச் சொல்வேன், அப்புறமும் விழுந்தால் நிற்கவைப்பேன். விடிய விடியப் படித்ததாகச் சொன்னவனைக் காலையில் எல்லோர் முன்னிலும் கைதட்டிப் பாராட்டுவேன். தூங்கியவனைக் கேலி செய்வேன். மாத்திரை கொடுக்கவில்லையே தவிர, மாத்திரைக்கான பாதையைப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

இத்தனைக்கும் 1924இலேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். இரண்டே மாணவர்கள். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்யவைத்தார்கள். படித்தவுடன் தூங்கவைத்து எட்டு மணி நேரம் கழித்துக் கேட்டபோது, விழித்திருந்துவிட்டுச் சொன்னதைவிடப் பல மடங்கு நினைவிருந்தது. பிறகு வந்த மூளை ஆராய்ச்சி அதை உறுதிப்படுத்தியிருக்கிறது. படித்ததை மூளை அடுக்கிவைப்பது தூக்கத்தில்தான். பி.எட். படித்தவன் நான். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானும் தேடவில்லை.

பையனைத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, க.விலக்குக்கு, அம்மாவோடு போய் மனநலப் பிரிவில் ஒருமுறை பேசிவிட்டு வரச் சொன்னேன். "பைத்தியத்துக்கா சார்?" என்று அம்மா தயங்கினார். இல்லையம்மா, தூக்கத்துக்கு என்றேன். நேரில் போகக் கூச்சப்படுகிறவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள். போய்விட்டு வந்தார்கள். மீதி நான்கு மாத்திரையை அம்மா அங்கேயே கொடுத்துவிட்டார்.

விடுமுறை முடிந்து பையன் விடுதிக்குத் திரும்பிவிட்டான். போன வாரம் அங்கே சுவரில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையைப் படமெடுத்து அனுப்பினான். காலை 4.45 எழுதல். இரவு 11.30 விளக்கு அணைத்தல். இடையில் சாப்பாட்டுக்கு இருபது இருபது நிமிடம். கழித்துப் பார்த்தேன். விளக்கை அணைத்த நொடியிலேயே தூங்கினாலும் ஐந்தே கால் மணி நேரம்.

அந்த நிறுவனத்துக்கு போன் செய்து, பிள்ளைகளுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டுமே என்று கேட்டேன். பொறுப்பாளர் மரியாதையாகத்தான் பேசினார். "நாங்க போன வருசம் பத்தரைக்கே லைட்ட ஆப் பண்ணோம் சார். பேரண்ட்ஸ்தான் வந்து சண்ட போட்டாங்க."